யாருமே ஜெயிக்காத நாளில் தொடங்கியது: மூன்று வாரச் சைக்கிள் பந்தயத்தைப் பின்தொடர ஒரு வழி

நான் முதன்முதலாக முழுசாக உட்கார்ந்து பார்த்த சைக்கிள் பந்தயத்தில் யாருமே ஜெயிக்கவில்லை. 2019 ஜூலை 26, டூர் டி பிரான்ஸின் 19ஆம் ஸ்டேஜ் (ஒரு நாள் ஓட்டத்துக்கு ஸ்டேஜ் என்று பெயர்). காலில் மாவுக்கட்டு, கையில் ரிமோட், எழுந்து போக வழியில்லை. வீரர்கள் ஆல்ப்ஸில் இஸெரான் கணவாயைத் தாண்டி இறங்கிக்கொண்டிருந்தார்கள். முன்னால் இருந்த சாலையில் ஆலங்கட்டி மழை கொட்டி, மண் சரிந்துவிட, பந்தயத்தை அப்படியே நிறுத்திவிட்டார்கள். அன்றைக்கு வெற்றியாளர் என்று எவரையும் அறிவிக்கவில்லை. ஆனால் கணவாயின் உச்சியில் எடுத்த நேரத்தைக் கணக்கில் வைத்து, எகான் பெர்னால் என்ற 22 வயதுக் கொலம்பியருக்கு மஞ்சள் ஜெர்சியைக் கொடுத்தார்கள். இரண்டு நாள் கழித்து பாரிஸில் அவர்தான் சாம்பியன்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த தம்பி கேட்டான்: "ஜெயிக்காத ஆளுக்கு எதுக்குக்கா பரிசு?" எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தப் பதிலைத் தேடித்தான் ஒரு நோட்டு வாங்கினேன். இப்போது அலமாரியில் வரிசையாக நோட்டுகள் நிற்கின்றன. புதிதாகப் பார்க்கத் தொடங்குபவர்களுக்கு அவற்றிலிருந்து சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலில் கணக்கு

டூர் என்பது 21 ஸ்டேஜ், 23 நாள், நடுவில் இரண்டு ஓய்வு நாள், மொத்தம் ஏறக்குறைய 3,300 கிலோமீட்டர். இத்தாலியின் ஜிரோ, ஸ்பெயினின் வுல்ட்டா இரண்டுக்கும் இதே மாதிரிதான். ஒவ்வொரு நாளும் ஒருவர் எடுத்துக்கொண்ட நேரத்தைக் கூட்டிக்கொண்டே போவார்கள். யாருடைய கூட்டுத்தொகை குறைவோ அவருக்கு மஞ்சள் ஜெர்சி. அதனால் ஒரு நாள்கூட முதலாவதாக வராமல் மொத்தப் பந்தயத்தையும் ஜெயிக்கலாம். 2019இல் பெர்னால் அப்படித்தான் ஜெயித்தார். மூன்று வாரத்தில் ஒரு ஸ்டேஜ் வெற்றிகூட அவர் பெயரில் இல்லை. தம்பிக்கு அன்றே இதைச் சொல்லியிருக்கலாம்.

நொடிக்கு என்ன மதிப்பு என்று சந்தேகம் வந்தால் 1989ஐ நினைத்துக்கொள்ளுங்கள். கடைசி நாள், வெர்சாயிலிருந்து பாரிஸுக்கு 24.5 கிலோமீட்டர் தனிநபர் டைம் ட்ரையல், அதாவது ஒவ்வொருவராகத் தனியே கிளம்பிக் கடிகாரத்தோடு போட்டிபோடும் ஓட்டம். லாரன் ஃபின்யோன் 50 நொடி முன்னிலையில் இருந்தார். கிரெக் லெமாண்ட் அந்தத் தூரத்தை அவரைவிட 58 நொடி குறைவாக ஓட்டினார். மூவாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டருக்குப் பிறகு எட்டே எட்டு நொடி வித்தியாசம். ஸ்டேஜ் முடிவில் முதல் மூவருக்குக் கிடைக்கும் 10, 6, 4 நொடித் தள்ளுபடிக்காகப் பெரிய ஆட்கள் ஏன் முட்டிமோதுகிறார்கள் என்பது அப்போது புரியும்.

மற்ற ஜெர்சிகளைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். பச்சை என்றால் புள்ளிகள், பெரும்பாலும் வேக ஓட்டக்காரர்களுக்குப் போகும். வெள்ளையில் சிவப்புப் புள்ளி போட்டது மலையேறிகளுக்கு. வெறும் வெள்ளை இளம் வீரர்களில் முதல்வருக்கு. மஞ்சள் ஏன் மஞ்சள் என்றால், 1903இல் பந்தயத்தைத் தொடங்கிய பத்திரிகை மஞ்சள் தாளில் வந்தது. ஜிரோவை நடத்திய பத்திரிகையின் தாள் இளஞ்சிவப்பு, அதனால் அங்கே ஜெர்சியும் இளஞ்சிவப்பு.

எந்த நாளைப் பார்ப்பது?

எல்லா நாளையும் பார்க்காதீர்கள். இரண்டாம் ஆண்டு நான் அப்படிப் பார்த்தேன். ஒன்பதாம் நாள் சூரியகாந்தித் தோட்டத்தையும் கோட்டைகளையும் ஹெலிகாப்டரிலிருந்து காட்டிக்கொண்டிருந்தபோது வாயைப் பிளந்து தூங்கிப்போனேன். ஒரு ஸ்டேஜ் நான்கைந்து மணி நேரம் ஓடும். தட்டை நிலத்து ஸ்டேஜ் என்றால் கடைசி முப்பது கிலோமீட்டர் போதும்.

பந்தயம் தொடங்கும் முன்பே ஒவ்வொரு ஸ்டேஜுக்கும் உயர வரைபடம் வெளியாகிவிடும். பக்கவாட்டில் வெட்டிய மலைத்தொடர் மாதிரி இருக்கும். அதில் மூன்று விஷயத்தைப் பாருங்கள். முடிவுக்கோடு மலை உச்சியில் இருக்கிறதா, கீழே இருக்கிறதா? கடைசி ஏற்றத்துக்கும் முடிவுக்கோட்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம்? ஏற்றங்களுக்கு என்ன தரம் கொடுத்திருக்கிறார்கள்? தரம் நான்கு என்றால் எளிது, ஒன்று என்றால் கடினம், அதற்கும் மேலே "வகைக்கு அப்பாற்பட்டது" என்று ஒன்று உண்டு. உச்சியில் முடியும் ஸ்டேஜ்களையும் டைம் ட்ரையல்களையும் நான் சிவப்பில் வட்டமிடுவேன். அந்த ஆறேழு நாள்தான் மஞ்சளின் விதியைத் தீர்மானிக்கும். அந்த நாட்களில் கடைசிக்கு முந்தைய மலையிலிருந்தே டிவி முன்னால் உட்கார்ந்துவிடுங்கள்.

நோட்டில் ஒரு ஸ்டேஜுக்கு ஒரு பக்கம். மேலே தூரமும் மலைகளும், நடுவில் என் ஊகம், கீழே நடந்தது. ஊகத்தைப் பென்சிலில்தான் எழுதுவேன். 2020இல் கடைசிக்கு முந்தைய நாள் பிரிமோஷ் ரோக்லிச் 57 நொடி முன்னிலையில் இருந்தார், மிச்சம் இருந்தது ஒரே ஒரு டைம் ட்ரையல். முடிந்த கதை என்று நினைத்து, கடைசிப் பக்கத்தில் 'வெற்றி: ரோக்லிச்' என்று பேனாவில் எழுதிவிட்டேன். அன்று மாலை டடே பொகாச்சர் லா பிளான்ஷ் தே பெல் ஃபீய் மலையில் அவரை முந்தி, 59 நொடி முன்னால் போய் நின்றார். அந்தப் பக்கம் இன்னும் அடித்தல் திருத்தலோடு அப்படியே இருக்கிறது.

திரையில் எதைப் பார்ப்பது?

திரையில் இரண்டு எண் ஓடிக்கொண்டிருக்கும்: மிச்சமுள்ள தூரம், முன்னே பிரிந்து போனவர்களுக்கும் பெரிய கூட்டத்துக்கும் உள்ள இடைவெளி. பெரிய கூட்டத்தை பெலோட்டான் என்பார்கள். பிரான்ஸில் ரோபேர் ஷபாத் என்று ஒரு வர்ணனையாளர் இருந்தார், அவரே முன்னாள் வீரர். பெலோட்டான் முழு வேகத்தில் துரத்தினால் பத்து கிலோமீட்டருக்கு ஒரு நிமிடம் வீதம் இடைவெளி குறையும் என்று அவர் ஒரு கணக்குச் சொன்னார். இருபது கிலோமீட்டர் மிச்சம், மூன்று நிமிட இடைவெளி என்றால் முன்னே இருப்பவர்கள் தப்பித்துவிடுவார்கள். ஒன்றரை நிமிடம்தான் என்றால் அவர்கள் கதை முடிந்தது. சட்டமல்ல, கைக்கணக்கு. ஆனால் இது தெரிந்தபின் சும்மா ஓடுவதுபோல் தெரிந்த மதியமெல்லாம் ஒரு துரத்தல் கதையாக மாறிவிடும்.

பெலோட்டான் ஏன் சீக்கிரமே பிடித்துவிடுவதில்லை? பிடித்தால் உடனே வேறு யாராவது கிளம்புவார்கள், மறுபடியும் துரத்த வேண்டும். கயிற்றை நீளமாக விட்டு, கடைசி ஐந்தாறு கிலோமீட்டரில் இழுப்பதுதான் லாபம். ஒருவர் பின்னால் ஒட்டி ஓட்டினால் உழைப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மிச்சம், கூட்டத்தின் நடுவில் என்றால் இன்னும் அதிகம். இந்த விளையாட்டின் தந்திரமெல்லாம் இந்த ஒன்றிலிருந்து பிறப்பதுதான். அடுத்தவன் முகத்தில் காற்று அடிக்கட்டும், நான் அவன் முதுகில் ஒளிந்துகொள்கிறேன்.

பக்கவாட்டுக் காற்று வீசும் நாளில் இது கொடூரமாகிவிடும். காற்றிலிருந்து ஒளிய வீரர்கள் குறுக்குச் சாய்வாக விசிறிபோல் நிற்பார்கள். சாலை அகலம் பத்துப் பதினைந்து பேருக்குத்தான் போதும். மற்றவர்கள் ஓரத்தில் ஒற்றை வரிசையில் காற்று வாங்கியே கழன்று போவார்கள். தட்டை நிலத்தில், வெட்டவெளியில், திடீரென்று எல்லா அணிகளும் முன்னுக்கு வரத் துடித்தால் சேனலை மாற்றாதீர்கள். அடுத்த ஐந்து நிமிடத்தில் பெலோட்டான் துண்டுதுண்டாக உடையப்போகிறது.

ஜெயிக்கவே மாட்டாத ஒருவரைத் தேர்ந்தெடுங்கள்

எல்லோரும் நட்சத்திரத்தில்தான் தொடங்குவார்கள். என் யோசனை வேறு. வீரர் பட்டியலை எடுங்கள், ப்ரோசைக்ளிங்ஸ்டாட்ஸ் தளத்தில் எண்களோடு கிடைக்கும். ஓர் அணிக்கு எட்டுப் பேர். எண் 1, 11, 21 என்று முடிவது பெரும்பாலும் அணித் தலைவர். அவரை விடுங்கள். மற்ற ஏழு பேரில் ஒருவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். தலைவனுக்குத் தண்ணீர் சுமப்பவர், அவனுக்காகக் காற்றில் நிற்பவர், அவன் சக்கரம் பழுதானால் தன் சக்கரத்தைக் கழற்றிக் கொடுப்பவர். டொமஸ்டிக் என்பார்கள், பிரெஞ்சில் வீட்டு வேலைக்காரர் என்று பொருள்.

2021இல் நான் பிடித்துக்கொண்டது டிம் டெக்லெர்க் என்ற நெடிய பெல்ஜியக்காரரை. பட்டப்பெயர் டிராக்டர். அவருடைய அணியில்தான் அந்த ஆண்டு மார்க் கேவண்டிஷ் இருந்தார், நான்கு ஸ்டேஜ் ஜெயித்து எடி மெர்க்ஸின் 34 ஸ்டேஜ் வெற்றி என்ற டூர் சாதனையைச் சமன் செய்தவர். கேவண்டிஷ் திரையில் தெரிந்தது கடைசி இருநூறு மீட்டரில். டெக்லெர்க் அதற்கு முந்தைய மணிக்கணக்கான நேரமெல்லாம் தெரிந்தார், பெலோட்டானின் நெற்றியில், தனியாக, முன்னே போனவர்களின் இடைவெளியை இரண்டு மூன்று நிமிடத்துக்குள் பிடித்து வைத்தபடி. வேலை முடிந்ததும் விலகிப் பின்னால் கரைந்துபோவார். கேவண்டிஷ் கையைத் தூக்கும்போது இவர் எங்கோ நாலு கிலோமீட்டர் பின்னால் மெதுவாக மிதித்துக்கொண்டிருப்பார். பாரிஸில் முடித்த 141 பேரில் டெக்லெர்க் 141ஆவது. பொகாச்சரைவிட ஐந்து மணி நேரத்துக்கு மேல் பின்னால். கடைசி இடத்துக்கு "சிவப்பு விளக்கு" என்று பெயர், ரயிலின் கடைசிப் பெட்டியில் தொங்குமே, அந்த விளக்கு. அந்தப் பக்கத்தில் மட்டும் என் ஊகம் சரியாக இருந்தது என்று கொஞ்சம் பெருமை உண்டு.

இப்படி ஒருவரைப் பின்தொடர்ந்தால், வர்ணனையாளர் சொல்லாமலே பல விஷயம் புரியும். மலை நாட்களில் அவர் எங்கே இருக்கிறார் என்று தேடுவீர்கள். அப்போது கடைசியில் ஊர்ந்து வரும் ஒரு கூட்டம் இருப்பது தெரியும், குருப்பெத்தோ என்று பெயர். அவர்களுக்கும் ஒரு பந்தயம் உண்டு. வெற்றியாளரின் நேரத்தோடு குறிப்பிட்ட சதவீதம் கூட்டி ஒரு கெடு வைப்பார்கள், அதைத் தாண்டினால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். மஞ்சளுக்கான சண்டை முடிந்து கால் மணி ஆனபிறகு, கடிகாரத்தோடு அவர்கள் போடும் சண்டையைப் பார்ப்பது எனக்கு இன்னும் பிடித்தமானது.

அணி வேலை எப்படி ஒரு பந்தயத்தையே புரட்டிப்போடும் என்பதற்கு 2025 ஜிரோவின் 20ஆம் ஸ்டேஜ். இதற்கு நான் இரண்டு பக்கம் எழுதினேன். இளஞ்சிவப்பு ஜெர்சி 21 வயது மெக்சிகோக்காரர் ஐசக் டெல் டோரோவிடம். அவருக்கு 43 நொடி பின்னால் ரிச்சர்ட் கரபாஸ். மூன்றாவதாக, 1 நிமிடம் 21 நொடி பின்னால் சைமன் யேட்ஸ். கடைசிக்கு முந்தைய ஏற்றம் கோல்லே தெல்லே ஃபினெஸ்ட்ரே, உச்சிக்குப் போகும் கடைசி எட்டு கிலோமீட்டர் வெறும் கப்பிச் சாலை. யேட்ஸுக்கு அந்த மலை பழைய பகை. 2018இல் அவர் இளஞ்சிவப்பில் ஓட்டி வந்து, அங்கேதான் நொறுங்கினார். அன்று கிறிஸ் ஃப்ரூம் அதே மலையில் கிளம்பி, 80 கிலோமீட்டர் தனியாக ஓட்டி ஜிரோவைப் பறித்துக்கொண்டார்.

ஏழு ஆண்டு கழித்து அதே மலையில் யேட்ஸ் தாக்கினார். டெல் டோரோ கரபாஸைப் பார்த்தார், கரபாஸ் டெல் டோரோவைப் பார்த்தார். நான் துரத்தினால் நீ என் முதுகில் ஒளிந்து வந்து கடைசியில் முந்துவாய், நீயே துரத்து. இருவருமே துரத்தவில்லை. மலைக்கு அந்தப் பக்கம் யேட்ஸின் அணியைச் சேர்ந்த வௌட் வான் ஆர்ட் காத்திருந்தார். காலையிலேயே முன்னே அனுப்பி வைத்திருந்தார்கள். பள்ளத்தாக்கில் அவர் யேட்ஸை முதுகில் ஒளிய வைத்து இழுத்துக்கொண்டு போனார். யேட்ஸ் இறுதியில் 3 நிமிடம் 56 நொடி வித்தியாசத்தில் ஜிரோவை வென்றார். காலையில் முன்னே போன கூட்டத்தில் வான் ஆர்ட் பெயரைப் பார்த்தபோதே, இவர் எதற்கு அங்கே என்று கேட்டிருக்க வேண்டும். பெரிய அணியின் வலுவான ஆள் காரணமில்லாமல் முன்கூட்டத்தில் இருந்தால் பட்டியலில் அந்தப் பெயரின் கீழ் கோடு போடுங்கள்.

சில சில்லறை விஷயங்கள்

போனில் அறிவிப்புகளை அணைத்துவிடுங்கள். திரையில் இன்னும் இரண்டு கிலோமீட்டர் இருக்கும்போது முடிவைச் சொல்லிவிடும். தட்டை நிலத்து ஸ்டேஜில் கடைசி மூன்று கிலோமீட்டருக்குள் யாராவது விழுந்தால், விழும்போது எந்தக் கூட்டத்தில் இருந்தாரோ அதன் நேரமே அவருக்கும் கிடைக்கும் என்ற விதியை நினைவில் வையுங்கள். சில ஸ்டேஜ்களில் அதை ஐந்தாகவும் நீட்டுகிறார்கள். இல்லையென்றால் நான் முதல் வருடம் செய்ததுபோல் வீணாகப் பதறுவீர்கள்.

மூன்று வாரம் தாங்காது என்று தோன்றினால் பெண்களின் டூரில் தொடங்குங்கள். 2022இல் இன்றைய வடிவம் வந்தது, ஏழு முதல் ஒன்பது நாளில் முடிந்துவிடும், சலிப்பூட்டும் நாள் மிகக் குறைவு. 2024இல் கடைசி நாள் ஆல்ப் துவேஸ் உச்சியில் டெமி வோல்லரிங் ஸ்டேஜை ஜெயித்தார், ஆனால் கஷா நீவியடோமா நான்கு நொடியில் மஞ்சளைக் காப்பாற்றிக்கொண்டார். அன்று தம்பி எதுவும் கேட்கவில்லை. அவனே நொடியை எண்ணிக்கொண்டிருந்தான்.

ஊக்கமருந்தைப் பற்றியும் யாராவது கண்டிப்பாகக் கேட்பார்கள். மழுப்ப வேண்டாம். 1999 முதல் 2005 வரை ஏழு டூர்களை லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங்கிடமிருந்து 2012இல் பறித்தார்கள், வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. அந்த ஏழு ஆண்டுக்கும் வெற்றியாளர் கட்டம் காலி. ஆக, யாருமே ஜெயிக்காத பந்தயம் நான் பார்த்தது மட்டுமல்ல.

சாலையோரத்தில் நிற்பதென்றால்

ஒரே ஒரு முறை போயிருக்கிறேன், 2022 ஜூலை 14, ஆல்ப் துவேஸ். 13.8 கிலோமீட்டர் ஏற்றம், 21 கொண்டையூசி வளைவு, ஒவ்வொன்றிலும் இங்கே ஜெயித்தவர்களின் பெயர்ப்பலகை. கீழிருந்து மேலே எண் குறைந்துகொண்டே போகும். ஏழாம் வளைவு நெதர்லாந்துக்காரர்களின் கோட்டை. ஆரஞ்சுச் சட்டையும் பாட்டும் புகையுமாக இருக்கும். அமைதி வேண்டுமென்றால் அதற்குக் கீழேயே நின்றுவிடுங்கள்.

வண்டிகளுக்குச் சாலையை வெகு முன்பே மூடிவிடுவார்கள், நடந்துதான் ஏற வேண்டும். தொப்பி, தண்ணீர், மழைச்சட்டை மூன்றும் வேண்டும், மலையில் வெயிலும் மழையும் ஒரே மதியத்தில் வரும். தட்டை நிலத்தில் நிற்காதீர்கள், முப்பது நொடியில் எல்லோரும் போய்விடுவார்கள். செங்குத்தான ஏற்றத்தில் ஒவ்வொரு முகமாகப் பார்க்கலாம். பந்தயத்துக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம் முன்னால் விளம்பர வண்டிகளின் ஊர்வலம் வரும், தொப்பியும் சாவிக்கொத்தும் எறிவார்கள். அப்புறம் நீண்ட காத்திருப்பு. எனக்குப் போனில் சிக்னல் சுத்தமாகப் போய்விட்டது. யார் முன்னே என்று தெரியாமல் நின்றேன். பள்ளத்தாக்கில் ஹெலிகாப்டர் சத்தம் கேட்டதும் எல்லோரும் ஒரே நேரத்தில் சாலையை நோக்கித் திரும்பினோம்.

டாம் பிட்காக் தனியாக வந்தார், அவர்தான் ஜெயித்தார். பின்னால் லூயிஸ் மைன்ட்ஜஸ். மூன்றாவதாக ஃப்ரூம், 2019இல் கோர விபத்தில் சிக்கி எழுந்து வந்தவர். கையெட்டும் தூரத்தில் அவர் மூச்சு கேட்டது. கையை நீட்டாதீர்கள், கூட ஓடாதீர்கள், பந்தயத்துக்கு முதுகைக் காட்டி கேமராவைப் பார்க்காதீர்கள். 2021இல் முதல் ஸ்டேஜிலேயே ஒரு ரசிகரின் அட்டைப் பலகையில் டோனி மார்ட்டின் மோதி, பாதிப் பெலோட்டான் சரிந்தது.

மஞ்சள் ஜெர்சி போனதும் பாதிக்கூட்டம் இறங்கத் தொடங்கிவிடும். போகாதீர்கள். வீரர்கள் இருவராகவும் மூவராகவும் வந்துகொண்டே இருப்பார்கள், உப்புப் படிந்த சட்டையோடு, யாரோடோ பேசியபடி. குருப்பெத்தோ வரும். நீங்கள் தேர்ந்தெடுத்த வீரர் பெரும்பாலும் அதில்தான் இருப்பார், பெயர் சொல்லிக் கத்துங்கள். அப்போது சத்தம் குறைந்திருக்கும், அவர் காதில் விழும். எல்லோருக்கும் கடைசியில், ஓட்டத்தைக் கைவிட்டவர்களை ஏற்றிக்கொள்ளும் துடைப்ப வண்டி வரும். அது உங்களைத் தாண்டிய பிறகு இறங்கலாம். ஒரு டார்ச் கொண்டுபோங்கள். நான் ஏழாம் வளைவைத் தாண்டும்போதே இருட்டிவிட்டது, இன்னும் பதினான்கு வளைவு மிச்சம் இருந்தது.